டேப்போடு உரிந்து வந்த பெயிண்ட்: ஒரு மீட்டர் கேஜ் ரெசின் செட்டின் நிகழ்வு ஆய்வு

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டு மாடியறையில் கட்டப்பட்ட மாதிரி ரயில் செட் இது. 1:87 அளவில் ஒரு ஒய்.பி. (மீட்டர் கேஜ் பயணிகள் ரயில் வகை) நீராவி எஞ்சின், பின்னால் இரண்டு பயணிகள் பெட்டிகள். திருச்செந்தூர் பாதை மீட்டர் கேஜாக இருந்த காலத்தை மனதில் வைத்துச் செய்தது. மீட்டர் கேஜின் தண்டவாள இடைவெளியான 1000 மி.மீ. இந்த அளவில் 11.5 மி.மீ. ஆகிறது, அதனால் 12 மி.மீ. தண்டவாளத்தில் ஓட்டுவதுதான் வழக்கம். பெட்டி ஒவ்வொன்றும் 22 செ.மீ. சொச்சம் நீளம், பக்கச் சுவரின் கனம் ஒன்றரை மி.மீ.

பக்கச் சுவர், கூரை, முகப்பு, பாய்லர், கேபின் எல்லாம் சிலிக்கோன் ரப்பர் மோல்டில் வார்த்த பாலியூரித்தேன் ரெசின், இளமஞ்சள் நிறம். புகைபோக்கி, டோம், ஹெட்லைட் போன்ற சின்ன உருப்படிகள் த்ரீடி பிரிண்டரில் எடுத்த சாம்பல் நிற ரெசின். இரண்டையும் ‘ரெசின்’ என்ற ஒரே பெயரில் சேர்த்து, ஒரே மாதிரி கழுவியதிலிருந்துதான் இந்தச் செட்டின் சிக்கல் தொடங்குகிறது.

முதல் முறை நடந்த கழுவல் இவ்வளவுதான்: பாகங்கள் மொத்தமும் பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்த வாளியில் ஒரு இரவு ஊறின. காலையில் போர் தண்ணீரில் அலசி, துணியால் துடைத்து, மொட்டை மாடியில் காயவைத்தார்கள். அதன்மேல் வண்டிகளுக்கு அடிக்கும் சாம்பல் நிற ஸ்பிரே பிரைமர் (அடிப்பூச்சு), மறுநாள் மெரூன் நிறம். ஜன்னலுக்குக் கீழே மஞ்சள் கோடு போடுவதற்காக மாஸ்கிங் டேப் ஒட்டினார்கள். டேப்பை எடுக்கும்போது மெரூனும் பிரைமரும் சேர்ந்து, அவித்த பனங்கிழங்கின் தோல் உரிவதுபோல நீளமாக வந்துவிட்டன.

அது ஒரு குறை. கூரையில் குண்டூசித் தலை அளவுக்கு வட்ட வட்டமாகக் குழிகள் விழுந்திருந்தன. ஒரு முகப்பில் பெயிண்டுக்கு அடியில் வெள்ளைப் புள்ளிகள். எஞ்சினின் டோம் மட்டும் நாள் கணக்கில் காயாமல் பிசுபிசுத்தது. அடியில் தேன் நிறத்தில் ஏதோ கசிந்து நின்றது. ஒரே டப்பாவிலிருந்து அடித்த பிரைமர், ஒரே நாள், ஒரே கை. பிரைமரைக் குறை சொல்லி வேறு பிராண்டு வாங்கியிருந்தால் நான்கு குறையும் அப்படியே திரும்ப வந்திருக்கும்.

உரிந்த படலத்தைத் திருப்பிப் பார்த்தால்

பெயிண்ட் உரிந்தால் பாகத்தை விட்டுவிட்டு முதலில் டேப்பில் ஒட்டியிருக்கும் படலத்தைப் பார்க்க வேண்டும். அதன் அடிப்பக்கத்தில் மெரூன் தெரிந்து, பாகத்தில் பிரைமர் தங்கியிருந்தால், பிரைமருக்கும் நிறத்துக்கும் இடையில் பிடிப்பு இல்லை. படலத்தின் அடியிலும் பாகத்திலும் சாம்பல் தூளாக இருந்தால் பிரைமரே உலர்தூளாக விழுந்திருக்கிறது. இங்கே படலத்தின் அடிப்பக்கம் சாம்பல் நிறத்தில், கண்ணாடி மாதிரி பளபளப்பாக இருந்தது. பாகத்தில் பிரைமர் ஒரு துளிகூட இல்லை. பிரைமர் ரெசினைத் தொடவே இல்லை என்று அர்த்தம். நடுவில் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்திருக்கிறது.

வார்ப்பு மோல்டில் ஒட்டாமல் வர அடிக்கும் ‘ரிலீஸ்’ ஸ்பிரே பற்றி வார்த்துக் கொடுத்தவரிடம் கேட்டதற்கு வந்த பதில்: “ரிலீஸே அடிக்கல அண்ணாச்சி, சோப்பு போட்டாலே போதும்.” அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ரிலீஸ் ஸ்பிரே அடிக்காவிட்டாலும் சிலிக்கோன் மோல்டு தன்னிடமுள்ள எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். அது வார்ப்பின் மேல் ஏறும். ஆகவே ‘ரிலீஸ் இல்லாத வார்ப்பு’ என்ற பேச்சை நம்பி ஒரு வேலையைக் குறைக்கக் கூடாது. ஸ்பிரே அடித்திருந்தால் அது மோல்டின் மூலைகளிலும் பள்ளங்களிலும் தேங்கும். பெட்டியில் ஜன்னல் சட்டமும் அதன் கீழ் விளிம்பும் அப்படிப்பட்ட இடங்கள். உரிந்ததும் அங்கேதான்.

ஒரு இரவு ஊறியும் ஏன் போகவில்லை? சிலிக்கோன் எண்ணெய் தண்ணீரில் கரையாது. சோப்பு அதைச் சின்னச் சின்னத் துளிகளாக உடைத்துத் தண்ணீரோடு கொண்டுபோகும். ஆனால் உடைப்பதற்குத் தேய்ப்பு வேண்டும். ஊறவைப்பது எண்ணெயை இளக்குவதோடு நின்றுவிடும். அசையாத வாளித் தண்ணீரில் இளகியது பாகத்தின் மேலேயே திரும்பப் படிவதும் உண்டு.

ஐ.பி.ஏ. எனப்படும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத்தான் பலரும் அடுத்து எடுப்பார்கள். விரல் ரேகை, பேனா மை, த்ரீடி பிரிண்டின் பச்சை ரெசின் (இன்னும் இறுகாத ரெசின்) இவற்றுக்கெல்லாம் அது நல்ல சரக்கு. சிலிக்கோன் எண்ணெயை அது அநேகமாகக் கரைப்பதில்லை. ஒரே துணியால் ஐ.பி.ஏ. போட்டுத் துடைத்தால் ஒரு மூலையில் இருந்த எண்ணெயைச் சுவர் முழுக்கச் சீராகப் பூசிவிட்டதாகத்தான் முடியும்.

மற்ற மூன்று குறைகள்

கூரைக் குழிகளின் காரணம் துடைத்த துணி. முன்பு பைக் பாலிஷுக்குப் பயன்பட்டது; வண்டி பாலிஷ் பலவற்றில் சிலிக்கோன் உண்டு. துணியைத் துவைத்தாலும் அது முழுசாகப் போகாது. கண்ணுக்குத் தெரியாத துளி ஒன்று இருந்தாலும் ஈரமான பெயிண்ட் அதிலிருந்து விலகிப் போய் வட்டக் குழி விடும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்த கையும், நெய் ஒழுகும் அல்வாவைத் தின்ற கையும் இதே வேலையைச் சற்றுச் சின்ன அளவில் செய்யும். (நெல்லையில் இந்த இரண்டாவது ஆபத்தைத் தவிர்ப்பது சிரமம், கையுறை போடுவது சுலபம்.)

வெள்ளைப் புள்ளிகள் போர் தண்ணீரின் உப்பு. தண்ணீர்த் துளி பாகத்தின் மேலேயே காய்ந்தால் அதிலிருந்த சுண்ணாம்பு அந்த இடத்தில் பொட்டாக நிற்கும். குழாயில் தாமிரபரணித் தண்ணீர் வரும் வீட்டில் இது அதிகம் தெரியாது. கடினமான போர் தண்ணீர் உள்ள தெருவில் பக்கெட் விளிம்பில் வெள்ளை படிவதைப் பார்த்தாலே போதும். இதற்கு ஐந்து நிமிட வேலைதான்: வினிகர் தொட்டுத் தேய்த்து அலசினால் புள்ளி போகும். மறுபடி வராமல் இருக்க, கடைசி அலசலைப் பேட்டரி வாட்டரில் செய்தால் போதும். உப்பு நீக்கிய அந்தத் தண்ணீர் பேட்டரி கடையில் ஒரு லிட்டர் கேனில் கிடைக்கும். மொத்தச் செட்டுக்கும் ஒரு கேன் தாராளம்.

டோமின் கதை வேறு. பொருளை மிச்சப்படுத்த உள்ளே வெற்றிடம் விட்டுப் பிரிண்ட் செய்திருக்கிறார்கள். வடிகால் துளை வைக்கவில்லை. உள்ளே சிக்கிய பச்சை ரெசின் ஒளி படாததால் இறுகாமல் கிடந்து, மெல்லிய அடுக்கு இடுக்குகள் வழியே வெளியே வந்தது. மேலே எத்தனை கோட் பெயிண்ட் அடித்தாலும் இது நிற்காது. அடியில் 2 மி.மீ. டிரில் பிட்டால் எதிரெதிராக இரண்டு துளை போட்டு, ஊசி கழற்றிய சிரிஞ்சால் ஐ.பி.ஏ.வை ஒரு துளையில் செலுத்தினால் மறு துளையில் தேன் நிறம் வரும். நிறமில்லாமல் வரும்வரை செலுத்த வேண்டும். பிறகு ஐ.பி.ஏ. முழுக்க உலர வேண்டும். ஈரத்தோடு வெயில் காட்டினால் மேற்பரப்பு வெள்ளை பூக்கும். உலர்ந்த பின் 405 நானோமீட்டர் எல்.இ.டி.யைத் துளைக்கு நேரே பிடித்து உள்பக்கத்தையும் இறுக்கலாம்.

வெளிப்பரப்பை இறுக்க நம்மூர் வெயிலே போதும். ஆனால் காலை வெயிலில், திருப்பித் திருப்பி வைத்து. நாள் முழுக்கப் போட்டுவிட்டால் நொறுங்கும் பதத்துக்குப் போய், கைப்பிடிக் கம்பி போன்ற மெல்லிய பாகம் தொட்டதும் ஒடியும்.

பச்சை ரெசின் தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம். ஒருமுறை வந்துவிட்டால் அடுத்தடுத்த முறைகளில் சின்னத் தொடுதலுக்கே தடிக்கும். நைட்ரைல் கையுறை கட்டாயம். அழுக்கு ஐ.பி.ஏ.வைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. ஒளி புகும் டப்பாவில், பிள்ளைகள் கைக்கும் தீக்கும் எட்டாத காற்றோட்டமான வெயிலில் வைத்தால் ரெசின் இறுகி அடியில் தங்கும், வடிகட்டிய ஐ.பி.ஏ. முதல் அலசலுக்குத் திரும்ப உதவும். வார்ப்புப் பாகங்களை அந்த ஐ.பி.ஏ.வில் முக்கவே கூடாது.

மறுபடி செய்த முறை

பழைய பெயிண்டை எடுப்பதற்கு என்.சி. தின்னரோ அசிட்டோனோ தொடவில்லை. இரண்டும் பாலியூரித்தேனை இளக்கிவிடும். ரிவெட் வரிசை மழுங்கிப் போகும். பிடிப்பு இல்லாத பெயிண்ட் என்பதால் பெரும்பகுதி டேப்பிலும் மூங்கில் குச்சியாலும் வந்தது. பிடித்துக்கொண்டு நின்ற கொஞ்சத்தை 400 வாட்டர் பேப்பரால் ஈரத்தோடு இழுத்தார்கள்.

வரிசையில் ஒரு விஷயம் முக்கியம்: கழுவல் இரண்டு முறை. உப்புத்தாள் படுவதற்கு முன் ஒன்று, பிரைமருக்கு முன் ஒன்று. முதலாவதைத் தவிர்த்துவிட்டுத் தேய்க்கத் தொடங்கினால், எண்ணெய் கீறல்களுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். பட்டியும் சூப்பர் குளூவும் பிடிக்காது. தாளும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

முதல் கழுவலுக்கு முன் எண்ணெய் துடைப்பு. பெயிண்ட் கடையில் எம்.டி.ஓ. என்று கேட்டால் கிடைக்கும் மினரல் டர்பன்டைன் சிலிக்கோன் எண்ணெயைக் கரைக்கும். வார்க்கும்போது பாகத்தோடு ஒட்டி வரும், வெட்டிப்போட வேண்டிய வார்ப்புக் கட்டையில் முதலில் தொட்டுப் பார்த்து, ரெசின் இளகவில்லை என்று உறுதியான பிறகே பாகத்துக்குப் போக வேண்டும். ஒரு வெள்ளைப் பருத்தித் துணியில் நனைத்து ஒரு திசையில் இழுப்பு. அது ஆவியாவதற்கு முன் மறு கையிலுள்ள உலர்ந்த துணியால் எடுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் துணியின் புது மடிப்பு. ஜன்னல் மூலைகளுக்குப் பஞ்சுக் குச்சி. ஒரு மூலைக்கு ஒன்று. அடுப்பு, ஊதுபத்தி பக்கத்தில் இருக்கக் கூடாது.

டர்பன்டைன் தானும் ஒரு பிசுக்கை விட்டுப் போகும். அதனால் பின்னாலேயே சோப்பு. கை பொறுக்கும் சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் பாத்திர லிக்விட். கால் மணி நேரம் ஊறல். பிறகு மென்மையான டூத் பிரஷ்ஷால் ஒவ்வொரு முகத்தையும் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்ப்பு. தண்ணீரை மாற்றி இன்னொரு முறை. ரிவெட் உள்ள இடத்தில் உப்புத்தாள் போட முடியாது. அங்கே பாத்திரம் தேய்க்கும் பவுடரை ஈரப் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்தால் எண்ணெயும் போகும், பிரைமர் பிடிக்க நுண்ணிய கீறலும் கிடைக்கும். பவுடர் பள்ளத்தில் தங்காமல் அலசுவது தேய்ப்பதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். ஷாம்பு வேண்டாம், முடியை மிருதுவாக்கும் பல ஷாம்புகளில் சிலிக்கோனே ஒரு சேர்மானம். சின்ன உருப்படிகளை டீ வடிகட்டியில் போட்டுத்தான் அலச வேண்டும். வாஷ்பேசின் துளைக்குள் போன ஹெட்லைட்டைத் திரும்ப எடுத்தவர்கள் குறைவு.

அடுத்தது வெட்டு. வார்ப்புக் கட்டையைக் கட்டிங் பிளேயரால் நறுக்கினால் பாகத்திலிருந்தும் ஒரு துண்டு பெயர்ந்து வரும். மெல்லிய பல் ரம்பத்தால் ஒரு மி.மீ. விட்டு அறுத்து, மிச்சத்தை அரத்தாலும் 320, 400 தாளாலும் இறக்க வேண்டும். தூள் நுரையீரலுக்கு ஆகாது: தாள் எப்போதும் ஈரமாக, முகத்தில் என்95, ஃபேன் நிறுத்தம். வாயால் ஊதித் தூளைத் தள்ளும் பழக்கம் இந்த வேலையில் இருக்கக் கூடாது.

இரண்டாவது பெட்டியின் இடப்பக்கச் சுவர் நடுவில் ஒரு மி.மீ. வில்லாக வளைந்திருந்தது. கொதித்த தண்ணீர் இரண்டு பங்கு, குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் 75 டிகிரியை ஒட்டி வரும். அதில் ஒன்றிரண்டு நிமிடம் போட்டு, இளகியதும் கிரானைட் மேடையில் படுக்கவைத்து, மேலே ஒரு கண்ணாடித் துண்டை வைத்து அழுத்தி, அப்படியே பச்சைத் தண்ணீர் ஊற்றி ஆறவைத்தார்கள். அடுப்பில் கொதிக்கும் பாத்திரத்துக்குள்ளேயே போட்டால் ஜன்னல் கம்பிகள் அலை அலையாகிவிடும்.

காற்றுக் குமிழித் துளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. கண்ணுக்குத் தெரியும் துளை தொல்லை இல்லை. மேலே தாள் போன்ற தோல் மூடியிருக்கும் குமிழிதான் பிரைமர் அடித்த பிறகு வாய் திறக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்து, சந்தேகப்படும் இடத்தை ஊசியால் குத்தி, திறந்து, அகலப்படுத்திவிட்டே நிரப்ப வேண்டும். சூப்பர் குளூவில் முகப்பவுடர் கலந்து வைப்பது சின்னத் துளைக்கு மிகச் சரி. அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் தேய்த்துவிட வேண்டும். மறுநாள் அது ரெசினைவிடக் கெட்டியாகி, சுற்றிலும் உள்ள ரெசின் தேய்ந்து, நிரப்பிய இடம் மேடாக நிற்கும். பவுடருக்குப் பதில் சமையல் சோடா போட்டால் உடனே கல்லாகிவிடும். நல்ல பரப்புக்கு ஒத்துவராது. என்.சி. பட்டி காயும்போது சுருங்கும், அதனால் மெல்லிய இரண்டு மூன்று இழுப்பாக வைக்க வேண்டும்.

கடைசித் தாள் 600, அதிகம் போனால் 800. வழவழப்பாக வரட்டுமே என்று 2000 வரை போனால் பிரைமர் பிடித்துக்கொள்ள எதுவும் மிஞ்சாது.

தண்ணீர் சோதனை

இரண்டாவது கழுவல் முடிந்ததும், பாகத்தைப் பேட்டரி வாட்டரில் முக்கி எடுத்துச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார்கள். சுத்தமான, தாள் போட்ட பரப்பில் தண்ணீர் ஒரே படலமாக நின்று, மேலிருந்து மெதுவாகக் கீழிறங்கும். எண்ணெய் உள்ள இடத்தில் படலம் கிழிந்து, ஓரம் சுருண்டு, முத்து முத்தாக நிற்கும். முதல் பெட்டியின் வலப்பக்கத்தில் நான்காவது ஜன்னலுக்குக் கீழே மட்டும் படலம் ஒவ்வொரு முறையும் அதே வளைகோட்டில் கிழிந்தது. பென்சிலால் அந்த ஓரத்தைக் குறித்துக்கொண்டு, அங்கே மட்டும் மறுபடி டர்பன்டைன், சோப்பு, பவுடர். பிறகு கோடு காணாமல் போனது. பென்சில் குறியும் தேய்ப்பிலேயே போய்விட்டது.

இந்தச் சோதனை இரண்டு வகையில் ஏமாற்றும். சோப்பு மிச்சமிருந்தால் எண்ணெய் இருந்தாலும் தண்ணீர் படலமாகவே நிற்கும்; அதனால் புதுத் தண்ணீரில் மூன்று முறை அலசிய பிறகுதான் பார்க்க வேண்டும். இன்னொன்று, உலோகத்தில் நிற்பதுபோல ரெசினில் தண்ணீர் நிற்காது. தாள் போடாத பரப்பு சுத்தமாக இருந்தாலும் கொஞ்சம் விலக்கும். எனவே ஒரே பாகத்தின் ஓரிடத்தையும் மற்றோர் இடத்தையும் ஒப்பிட்டுத்தான் முடிவு சொல்ல முடியும்.

அதனால்தான் அடுத்து ஒரு வெட்டுச் சோதனையும் செய்யப்பட்டது. பெட்டிச் சுவரின் உள்பக்கத்தில், வெளியே தெரியாத இடத்தில் பிரைமர் அடித்து ஒரு நாள் விட்டார்கள். புது பிளேடால் ஒரு மி.மீ. இடைவெளியில் ஆறு கோடு, குறுக்கே ஆறு கோடு, 25 கட்டங்கள். மேலே டேப்பை ஒட்டி நகத்தால் அழுத்தி, மடக்கி இழுத்தால் கட்டம் எதுவும் வரக் கூடாது. ஓரங்களில் பொடி மட்டும் வந்தது.

பிரைமர் நாள்

கழுவிய பாகத்தைத் துண்டால் துடைக்க வேண்டாம். ரப்பர் பல்பு ஊதியால் பள்ளங்களில் உள்ள தண்ணீரை விரட்டி, சாப்பாட்டை மூடும் வலைக் கூடைக்கு அடியில் ஒரு இரவு விட்டால் போதும். ஆனி, ஆடிக் காற்றில் மொட்டை மாடியில் எதையும் காயவைக்கவோ ஸ்பிரே செய்யவோ கூடாது. செம்மண் தூள் பிரைமரில் கலந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் லாக்கர் பிரைமர் ஈரத்தை இழுத்து வெளுத்துப் போகும். மழை விட்ட பகலில் ஈரமானி காற்றின் ஈரத்தை 70 சதவீதத்துக்குக் கீழ் காட்டும்போது அடிப்பது நல்லது. சித்திரை, வைகாசியில் சங்கடம் நேர்மாறானது: மதியம் வெக்கையில் ஸ்பிரேத் துளி பாகத்தை எட்டுமுன்னே பாதி காய்ந்து, சொரசொரப்பாக விழும். அந்த மாதங்களில் காலை எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

பாகத்தை மூங்கில் குச்சியில் பின்பக்கமாக ஒட்டி, கையுறையோடு பிடித்து, 20 முதல் 25 செ.மீ. தூரத்திலிருந்து மூடுபனியாக மூன்று பூச்சு. ஒவ்வொன்றுக்கும் இடையில் பத்து நிமிடம். கழுவிய பின் ஒரு நாளைக்கு மேல் பாகத்தைப் பிரைமர் இல்லாமல் வைத்திருந்தால் தூசும் கையும் பட்டு எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

மெரூனுக்குப் பின் மஞ்சள் கோட்டுக்கான டேப் ஒட்டப்பட்டது. இந்த முறை டேப்பை முதலில் கண்ணாடியில் இரண்டு முறை ஒட்டி எடுத்து, பசையின் வேகத்தைக் குறைத்தபின். எடுக்கும்போது மேலே தூக்காமல், தன் மேலேயே மடங்கும்படி தாழ்வாகவும் மெதுவாகவும் இழுத்தார்கள். கோட்டின் ஓரம் நேராக நின்றது, பிரைமர் எங்கும் அசையவில்லை. கூரையில் காற்றுப்போக்கிக் குமிழுக்குப் பக்கத்தில் ஒரு குழி மட்டும் மறுபடி விழுந்தது; ஈரத்தோடு தொடாமல் காயவிட்டு, 800 தாளால் இறக்கி அந்த இடத்தை மட்டும் மீண்டும் பூசினார்கள்.

தீராமல் நின்றது அந்த இடப்பக்கச் சுவர். வளைந்தபடியே இறுகிய பாலியூரித்தேன், சூடு கண்டால் பழைய வளைவுக்குத் திரும்பப் பார்க்கும். மேற்கு ஜன்னலோரம் வைத்திருந்த சில வாரங்களில் அரை மி.மீ. வில் மறுபடி தெரிந்தது. அரை மி.மீ. கனமுள்ள பித்தளைப் பட்டை ஒன்றை ஜன்னலுக்குக் கீழே உள்பக்கமாக, நீளம் முழுக்க, இரண்டு பொருள் கலக்கும் எபாக்ஸியில் ஒட்டிக் கிளிப் போட்டு ஒரு நாள் விட்டபின் சுவர் நேராக நிற்கிறது. செட்டும் இப்போது கிழக்குச் சுவரலமாரிக்கு மாறிவிட்டது.